பாணியின் வாயும் என் கையும்

முதல் பீப்பாய் விழுந்தபோது நான் குதிரையின் மேல் இருந்தேன். இரண்டாவது விழுந்தபோதும் இருந்தேன். மூன்றாவதை நாங்கள் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

விழுந்த இடத்தில் புல் நனைந்திருந்தது. வாய்க்குள் சேறு. மூக்குக்கண்ணாடி எங்கேயோ. ஓக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் ஓரத்துப் புல்வெளி ஒன்றில், நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த மன்னார்ப் பெண்ணொருத்தி குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளின் கூரையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள், அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கை அசைத்தேன். விழுந்தாலும் மரியாதை தெரிந்தவள் நான்.

குதிரைக்குச் சொந்தக்காரி மொரீன் ஓடி வந்தார். என்னைக் கடந்து ஓடினார். குதிரையின் வாயைத் திறந்து, இரண்டு கடைவாயையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஃபில், உனக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

என் பெயர் பிலோமினா. நியூசிலாந்துக்காரர் வாயில் அது ஃபில் என்ற ஆண் பெயர் ஆகிவிட்டது. மொரீன் கதைத்ததும் முழுக்க இங்கிலீஷ்தான். ஆனால் என் ஞாபகத்துக்குள் அது எப்படியோ மன்னார்த் தமிழாக மாறிக் கிடக்கிறது. அப்படியே தருகிறேன். மொரீன் இதை வாசிக்கப் போவதில்லை என்ற தைரியம்.

ரவுண்டபௌட்டுக்குப் பயந்தவர்

ஓக்லாந்தில் நான் கார் ஓட்டப் பழக்கிப் பிழைத்த கதையைப் போன வாரப் பத்தியில் சொன்னேன். புதிதாக வந்திறங்கிய தமிழ்ப் பெண்களுக்கு நான்தான் ரீச்சர். மொரீன் என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு விபத்து மாதிரி. மவுண்ட் ரொஸ்கில்லில், டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடை ஒன்றின் கண்ணாடியில் ஒட்டியிருந்த என் விளம்பரத்தில், தமிழ் எழுத்துகளுக்குக் கீழே இருந்த தொலைபேசி எண்ணை மட்டும் பார்த்து அழைத்தாராம். "பொறுமையான பெண் ஆசிரியை" என்று தமிழில் எழுதியிருந்ததை அவரால் வாசிக்க முடியவில்லை. வாசித்திருந்தால் பிறகு என்மேல் வழக்குப் போட்டிருக்கலாம்.

மொரீனுக்கும் என் வயதுதான். புருஷன் இன்னொருத்தியோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். காரையும், குதிரையை ஏற்றும் ட்ரெய்லரையும் விட்டுவிட்டுப் போனது பெரிய மனசு. ஆனால் அதுவரை ஓட்டியதெல்லாம் அவர்தான். மொரீன் பண்ணைக்குள் ட்ராக்டர் ஓட்டுவார். றோட்டில் ஏறினால் கை வியர்த்துவிடும். ரவுண்டபௌட் ஒன்று தூரத்தில் தெரிந்தாலே காரை ஓரம் கட்டிவிட்டு, "நடந்தே போவமா?" என்று கேட்பார்.

அப்படிப்பட்ட மனுஷி குதிரையில் ஏறி என்ன செய்வார் என்று ஒரு நாள் பார்த்தேன். அடுப்புக் கல் மாதிரி முக்கோணமாக மூன்று இரும்புப் பீப்பாய்கள். குதிரை முழு வேகத்தில் வரும். முதல் பீப்பாயை வலப்பக்கமாகச் சுற்றும். மற்ற இரண்டையும் இடப்பக்கமாகச் சுற்றும். பிறகு நேரே வாசலுக்குப் பறக்கும். குறைந்த நேரம் எடுத்தவர் வெல்வார்; பீப்பாய் விழுந்தால் தண்டனையாக நேரத்தைக் கூட்டுவார்கள். அவ்வளவுதான் போட்டி. மொரீன் சுற்றும்போது குதிரை நிலத்தோடு படுத்துவிடுமோ என்று நான் வேலியை இறுக்கிப் பிடித்தேன். அவரோ சந்தைக்குப் போய் வந்தவர் போல இறங்கி வந்தார்.

"உனக்கும் பழக்கட்டே? நீ எனக்குக் கார், நான் உனக்குக் குதிரை."

மாட்டேன் என்று இங்கிலீஷில் நாகரிகமாகச் சொல்வதற்குள் ஒரு தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார். அது மட்டும் காரணமில்லை. அந்த மாதம்தான் டொக்டர் "நடை நல்லது" என்று சொல்லியிருந்தார். யார் நடக்கவேண்டும் என்று அவர் குறிப்பாகச் சொல்லவில்லை.

என் குதிரைப் பரம்பரை

மன்னாரில் நாங்கள் கண்டது கழுதை. பஸ் நிலையத்தில் கழுதை, பள்ளிக்கூட வாசலில் கழுதை, கோயில் மதில் நிழலில் கழுதை. அவை யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. நான் குதிரை ஏறப் போகிறேன் என்று சொன்ன அன்று என் கணவர் அன்ரன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஊரிலை கழுதையைக் கண்டு மற்றக் கரைக்கு மாறிப் போனனீர் நீர்," என்றார். "அதுவும் படுத்துக் கிடந்த கழுதை."

அது உண்மை. ஆனால் அது எழும்பப் பார்த்தது.

குதிரையின் பெயர் ட்ரீக்கிள். அப்படியென்றால் பாணி, பனங்கட்டி காய்ச்சும்போது வருமே, அந்த நிறம். நான் பாணி என்றே கூப்பிட்டேன். அதற்கும் அவள் காதைத் திருப்பினாள். மொரீன் என் பெயரை மாற்றியதற்கு நானும் ஒன்று மாற்றிய கணக்கு.

பிடிக்கிற கை

என் தொழில் பிடிக்கிற தொழில். பழகுகிறவர் பக்கத்தில் இருந்தபடி ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்க என் வலக்கை எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும். சென்னையிலிருந்து வந்த வசந்தா என்ற பெண் ஒரு நாள் ஹில்ஸ்பரோ இறக்கத்தில் அழுதே விட்டாள். "மேடம், இப்ப வண்டிய நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டுறேனா? ஒண்ணுமே புரியலையே!" நான் கையை எடுத்தேன். அடுத்த வளைவில் திரும்பவும் வைத்தேன்.

அந்தக் கையோடுதான் பாணியின் மேல் ஏறினேன். கடிவாள வாரை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன், ஸ்டியரிங் மாதிரி. வலப்பக்கம் திரும்பவேண்டுமா, வலக்கையை மேலே இழுத்தேன். திரும்பவில்லையா, இன்னும் இழுத்தேன். பாணி தலையை வானத்துக்குத் தூக்கினாள், வாயை ஆவென்று திறந்தாள், தோள்பட்டையால் பீப்பாய்மேல் சாய்ந்தாள். டங்.

"கையைப் பதி," என்று மொரீன் வேலிக்கு வெளியே நின்று கத்துவார். "கை மேலை போனால் தலை மேலை போகும். தலை மேலை போனால் முதுகு குழியும். பின்னங்காலை அவள் எப்பிடி உள்ளுக்கு வைப்பாள்? பின்னங்கால் இல்லாமல் எப்பிடித் திரும்புவாள்?"

இதெல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கியதைக் கைக்குச் சொல்வதற்குள் அடுத்த பீப்பாய் வந்துவிடும்.

நேராக ஓடும்போது இரண்டு கையும் கீழே, கழுத்தை ஒட்டி, குதிரையின் தலை ஆட இடம் விட்டு. பீப்பாய்க்கு முன்னால் உள்பக்கக் கை மட்டும் வாரில். மற்றக் கை சேணத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்கும் கொம்பில். கொம்பை இழுக்கக் கூடாது, தள்ளவேண்டும். தள்ளினால் உடம்பு இருக்கையில் பதியும், இழுத்தால் முன்னால் சரியும். நான் இழுத்தேன். எனக்குக் கிடைத்த எல்லாவற்றையும் இழுத்தேன். ஒரு முறை பாணியின் பிடரி மயிரையும்.

போதாக்குறைக்கு, கையை ஆட்டாமல் எனக்குக் கதைக்க வராது. "அந்தப் பக்கம் போகட்டே?" என்று மொரீனிடம் கேட்டபடி கையைக் காட்டுவேன். அந்தக் கையில் வார் இருக்கும். பாணி உடனே அந்தப் பக்கம் போய்விடுவாள். இவ்வளவு கீழ்ப்படிவான ஒருத்தியை நான் வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை. என் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து அவளுடைய ஒரு காதுக்கு வரமாட்டார்கள்.

படகுக் கதை

இந்த இடத்தில் ஒரு உருக்கமான விளக்கம் சொல்லலாம். தொண்ணூறில் யுத்தத்துக்குத் தப்பி மன்னாரை விட்டுப் படகில் இராமேஸ்வரத்துக்குப் போனபோது, சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். கரையில் இறங்கிய பிறகும் விரல்கள் விரியவில்லை. அன்ரன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அந்தப் பிடிதான் பாணியின் வாய்வரை வந்தது என்று எழுதினால் உங்களில் சிலருக்குக் கண் கலங்கும். கோயிலில் ஒரு முறை இப்படிச் சொன்னபோது எனக்கே கலங்கியது.

அன்ரன் அதைக் கேட்டுவிட்டு வீட்டில் வந்து சொன்னார்: "படகுக்கு முதலும் நீர் உப்பிடித்தான். கலியாணத்தண்டு என்ரை கையைப் பிடிச்ச பிடியிலை மோதிரம் வளைஞ்சது."

விழுந்த பிறகு

சேற்றில் நான் கிடந்த அந்த நாளுக்கு வருகிறேன். மொரீன் என் கண்ணாடியைத் தேடி எடுத்து, தன் சட்டையில் துடைத்துத் தந்தார். பாணியின் கடைவாயைக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்புத் தோல் உரசிச் சிவந்திருந்தது. இரத்தம் இல்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு என் முழங்கால் வலியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரெண்டு கிழமையாய் இவள் வாசல்லை வந்து நிக்கிறாள், பாத்தனியே?" என்றார் மொரீன். "உள்ளுக்கை போகமாட்டன் எண்டு பின்னுக்குப் போறாள். ஓட்டம் எண்டால் வாய் நோகும் எண்டு பழகிப்போட்டாள். இது முத்தினால் பிறகு எடுக்கேலாது, ஃபில். ஓடுற குதிரை ஓடாமல் போயிடும்."

"நான் இனி ஏறேல்லை," என்றேன்.

"அதை நான் கேக்கேல்லை."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

அவர் பாணியின் தலையிலிருந்து கடிவாளத்தைக் கழற்றினார். வாய்க்குள் போகும் இரும்பைத் தண்ணீரில் கழுவி, என் இரண்டு கையிலும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார். வாரை எடுத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போனார்.

"இப்ப நீ குதிரை. நான் நீ. கண்ணை மூடு. நட."

நடந்தேன். வலக்கையில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. இரும்பு மணிக்கட்டில் இடித்தது. எந்தப் பக்கம் போவதென்று விளங்குவதற்குள் இடக்கையில் இன்னொரு இழுப்பு. பிறகு இரண்டும் ஒன்றாகப் பின்னால். நான் தலையை அண்ணாந்து, தோளை உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நில் எண்டு நான் சொல்லேல்லையே," என்றார் பின்னாலிருந்து.

"எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாத்தையும் ஒண்டாய்ச் சொல்லுறாய்!"

"ஓம். நீ அப்பிடித்தான் சொல்லுறனீ."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. இரும்பை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் விழுந்ததில் கார்ச் சாவி சேற்றில் எங்கேயோ கிடந்தது.

"இப்ப நான் ஓட்டுற மாதிரி," என்றார் மொரீன்.

கண்ணை மூடினேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. வார் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு வலப்பக்கம் மிக மெல்லிதாக ஒரு அசைவு. யாரோ விரலை மூடியது போல. என் கால் தானாக வலப்பக்கம் போனது. போன உடனே விரல் திறந்துவிட்டது. கேட்டதும் கொடுத்தேன், கொடுத்ததும் விட்டுவிட்டார். எனக்கு உற்சாகம் பிறந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தேன். பிறகு ஓடினேன். கண்ணை மூடியபடி, சேறு ஒட்டிய சட்டையோடு, நெஞ்சில் கடிவாளத்தை அணைத்துக்கொண்டு, விழாமல் எஞ்சியிருந்த மூன்றாவது பீப்பாயைச் சுற்றி ஓடினேன். பின்னால் மொரீன் வாரைப் பிடித்தபடி ஓடி வந்தார். என் வாயிலிருந்து கனைப்பு மாதிரி ஏதோ வந்ததாக மொரீன் பிற்காலத்தில் சொன்னார். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

கண்ணைத் திறந்தபோது வேலியோரம் அன்ரன் நின்றார். விரி என்ற புறநகரில் பண்டசாலை வேலை முடிந்து, சாப்பாட்டுப் பெட்டி கையோடு என்னைப் பார்க்க வந்திருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. கூரையில் இருந்தவர்கள் இப்போது வேலையை முழுதாகவே விட்டுவிட்டார்கள்.

"பிலோ," என்றார் அன்ரன், மிக மெதுவாக. "நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது இதுக்கே?"

சின்னப் பிள்ளைகளோடு

அதன் பிறகு பல வாரம் பாணியை நடையில் மட்டும் விட்டேன். ஓட்டமே இல்லை. கேட்பது, விடுவது. கேட்பது, விடுவது. கேட்பது எனக்குச் சுலபமாக வந்தது. விடுவதுதான் ஒவ்வொரு முறையும் மறந்தது. மொரீன் வேலியில் இருந்து "விடு!" என்று கத்துவார். இரவு படுக்கையில் நான் போர்வையை இழுத்தால் அன்ரனும் "விடும்!" என்று கத்தத் தொடங்கினார்.

கோடை பிறந்தபோது கழகத்துப் போட்டி வந்தது. நகரத்துக்குத் தெற்கே ஒரு மைதானம். மொரீன் அதற்குச் சில வாரம் முன்புதான் லைசென்ஸ் எடுத்திருந்தார். ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு அவரே ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு.

போகும் வழியில் மொரீன் சொன்னார்: "இண்டைக்கும் வாசல்லை நிண்டாளெண்டால் இனி அவளை ஓட்டத்துக்குக் கொண்டுவரமாட்டன். அவளுக்கு அது ஞாயமில்லை."

"அப்ப நீயே ஓடன்!"

"நான் ஓடினால் அவள் போவாள். என்ரை கை அவளுக்குத் தெரியும். உன்ரை கையை நம்புறாளோ எண்டுதான் பாக்கவேணும்."

புதியவர்களுக்கான பிரிவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். என் போட்டியாளர்கள் எல்லோருக்கும் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. தாய்மார் அவர்களுக்கு ரிபன் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்த ஒரு தாய், "உங்கட பிள்ளை எது?" என்று கேட்டார். நான் பாணியைக் காட்டினேன். ஒலிபெருக்கிக்காரர் "அடுத்தது ஃபில்" என்று அறிவித்துவிட்டு, ஒரு ஆணைத் தேடிக் கண்ணை ஓட்டினார்.

வாசலில் பாணி நின்றாள்.

காது பின்னால் போனது. ஒரு அடி பின்னுக்கு வைத்தாள். என் கைகள் இரண்டும் பிடிக்கத் துடித்தன. அந்த நேரத்தில் நான் செய்ததெல்லாம் விரலைத் திறந்து வைத்திருந்ததுதான். அதை வீரம் என்று சொல்லமாட்டேன்; எனக்குப் பயத்தில் கையே மரத்துப்போயிருந்தது. அவள் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். வார் தளர்ந்தே இருந்தது. இன்னும் தாழ்த்தினாள். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாய்ந்தாள்.

முதல் பீப்பாயை வலக்கையால் கேட்டேன், விட்டேன். அவள் என் கீழே வளைந்ததை முழங்காலில் உணர்ந்தேன். இரண்டாவதற்கு இடக்கைக்கு மாற்றவேண்டும். மாற்றினேன். கேட்டேன். விட்டேன். அந்தப் பீப்பாயும் விழாமல் நின்றது. எனக்கு உலகமே கைக்குள் வந்துவிட்டது. மூன்றாவதை நெருங்கும்போது அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் முந்திக் கேட்டுவிட்டேன்.

பாணி உடனே திரும்பினாள். என் முழங்கால் பீப்பாயில் இடித்தது. பீப்பாய் சரிந்தது.

அப்போது என் இடக்கை, வலக்கையைப் பார்த்துத் தொழில் பழகிய கை, ஸ்டியரிங்கை எட்டிப் பிடிப்பது போலப் பாய்ந்து பீப்பாயின் விளிம்பைப் பிடித்து நிமிர்த்தியது. வாரை அடியோடு விட்டுவிட்டது. பாணியின் வாயில் இப்போது என் கையே இல்லை. அவள் மிச்ச வளைவைத் தானே எடுத்து, என்னைத் தன் முதுகில் ஒரு மூட்டை போல வைத்துக்கொண்டு வாசலை நோக்கிப் பறந்தாள். நான் இரண்டு கையாலும் கொம்பைக் கட்டிப் பிடித்து, எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வேகம் குறைந்தபோது அந்தோனியாரைத் தாண்டி, அவ்வளவு பிரபலமில்லாதவர்களிடம் வந்திருந்தேன்.

பீப்பாயைக் கையால் பிடித்து நிறுத்தலாம், அது சட்டத்தில் குற்றமில்லை என்று நடுவர் சொன்னார். ஆகவே தண்டனை இல்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருடைய குட்டைக் குதிரை நடுவில் நின்று புல் மேய்ந்தது. மற்றவர் பாதை மறந்து அழுதுகொண்டு தாயிடம் போனார். கடைசி இல்லை என்பதை இங்கே அழுத்தமாகப் பதிந்துவிடுகிறேன்.

மொரீன் ஓடி வந்தார். வழக்கம்போல என்னைக் கடந்துபோய்ப் பாணியின் வாயைப் பார்த்தார். அவளுடைய கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது அவர் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"விடு எண்டுதான் சொன்னனான், ஃபில். ஆனா முழுக்க விடச் சொல்லேல்லை!"

அன்ரனின் முறை

கூட்டம் கலைந்த பிறகு பாணியை ஆறுதலாக நடத்திக்கொண்டிருந்தேன். போட்டி பார்க்க வந்திருந்த அன்ரன் மீன் ரோல்ஸ் பெட்டியை மூடிவிட்டு என்னோடு நடந்தார். ஏதாவது பகிடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாணியின் கழுத்து வியர்வையைத் தொட்டுப் பார்த்தார். தன் விரலை மணந்து பார்த்தார்.

"வாசல்லை நிக்கேக்கை நான் கண்ணை மூடிப்போட்டன்," என்றார். "பிறகு சத்தம் கேட்டுத்தான் திறந்தனான்."

"அப்ப ஒண்டும் பாக்கேல்லையா?"

"கடைசியிலை நீர் வந்ததைப் பாத்தன்." பெட்டியைப் புல்லில் இறக்கி வைத்தார். "பிலோ, நானும் ஒருக்கா ஏறிப் பாக்கட்டே?"

மொரீன் வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். அன்ரன் அதன்மேல் ஏறி, அங்கிருந்து சேணத்துக்கு ஏறினார். விரியில் பாரம் ஏற்றும் வாகனம் ஓட்டுகிற மனுஷன், மேலே போனதும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஆகிவிட்டார். வாரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதைப் பாம்பைப் போலத் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"கையை என்ன செய்யிறது?" என்று மேலேயிருந்து கேட்டார்.

சொல்வதற்கு என்னிடம் ஏராளம் இருந்தது. பதிப்பது, வளைப்பது, கொம்பு, முதுகு, பின்னங்கால். வாயைத் திறந்தேன். என் கையும் அவர் கையைத் திருத்த மேலே எழும்பிவிட்டது. அதை இறக்கிப் பாணியின் தோளில் வைத்தேன். அங்கே இன்னும் சூடாக இருந்தது.

"ஒண்டும் செய்யாதேங்கோ," என்றேன்.

பாணி நடக்கத் தொடங்கினாள்.